ஆறாம் வகுப்பில் முடிவாகும் மருத்துவப் படிப்பு



கொரோனா நாட்களை நாம் மெல்ல மறந்து வருகிறோம். மறதியும் வல்ல இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் ஒன்றுதான். எனினும், அந்நாட்களில் பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களைச் சாதி மதம் பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்த நம் சமுதாய இளைஞர்களைத் தமிழகம் மறந்துவிடவில்லை. அதைச் சொல்லி நாம் பெருமிதம் கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். ஆனால் அதே மருத்துவமனையின் உள்ளே, கவச உடை அணிந்து நோயாளியின் நாடி பார்த்தவர்களுள் நம் தெருக்களிலிருந்து சென்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், நம்மில் பலருக்கும் விரல்விட்டு எண்ணத்தான் முடியும். இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லி மகிழ்வதில் மட்டும் நமக்குக் குறைவே இல்லை!

எல்லாச் சமூகத்திலிருந்தும், எல்லாத் தரத்துக் குடும்பங்களிலிருந்தும் மருத்துவர்கள் வர வேண்டும் என்பது வெறும் பங்கு கேட்கும் பேச்சன்று. 2021ஆம் ஆண்டு ரமளான் ஏப்ரல் மாத நடுவில் பிறந்தது. இரண்டாவது அலை எழுந்துகொண்டிருந்த நேரம் அது. தடுப்பூசி போட்டால் நோன்பு முறியுமா என்னும் ஐயம் வீட்டுக்கு வீடு எழுந்தது. முறியாது என்று உலமாக்கள் பலர் தெளிவுபடுத்தினர். மார்க்க ஐயம் அதனால் தீர்ந்தது. உடலைப் பற்றிய அச்சம் தீரவில்லை. காய்ச்சல் வருமா, கருவுற்றவள் போட்டுக்கொள்ளலாமா, சர்க்கரை நோய் உள்ள பெரியம்மாவுக்கு ஆகுமா என்பதையெல்லாம் நம் பேச்சிலேயே, நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து சொல்ல ஒரு டாக்டர் இருந்த மஹல்லாவுக்கும், இல்லாத மஹல்லாவுக்கும் வேறுபாடு இருந்தது. கடலோரத்து மீனவ மக்களுக்கும், பேச்சிப்பாறைப் பக்கத்து மலைவாழ் மக்களுக்கும் இது பொருந்தும்.

இந்த உண்மையைக் குமரி மாவட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. 1838ஆம் ஆண்டு நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவர் லண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் 1860களில் அங்கு வந்த ஜான் லோ, வெளிநாட்டு மருத்துவர் ஒருவரால் மட்டும் இப்பகுதியைக் காக்க இயலாது என்று உணர்ந்து, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அந்த வழியில் முன்னேறிய சகோதர சமுதாயத்தார் அதன் பயனை இன்றளவும் அனுபவிக்கின்றனர். பொறாமைப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துக்கு வந்தது 2001இல்தான். கொரோனாக் காலத்தில் மாவட்டம் முழுவதும் நம்பியிருந்த அந்த ஆசாரிபள்ளம் மருத்துவமனையில், பிழைத்து வெளியே வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இனி, இம்மாதம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். கொள்ளைநோய்க் காலத்தில்தான், தமிழகத்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு ஒன்று திறந்தது. அதே கொள்ளைநோய்தான், அக்கதவு வரை நடந்து செல்லும் பாதையையும் அடைத்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

2017 முதல் தமிழ்நாட்டில் நீட் தேர்வு எழுதியே மருத்துவப் படிப்பில் சேர வேண்டும் என்றானது. அதன் பின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் அருகிப் போயினர். 2019ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் மாநிலம் முழுவதிலும் வெறும் 6 பேர் என்று அரசே சொன்னது. பன்னிரண்டாம் வகுப்புப் படிப்போரில் கணிசமானோர் அரசுப் பள்ளிகளில் இருக்கும் ஒரு மாநிலத்தில் 6 பேர்!

இந்நிலையை ஆராய ஓய்வு பெற்ற நீதியரசர் கலையரசன் தலைமையில் குழு அமைக்கப்படும் என்ற அறிவிப்பு, 2020 மார்ச் மாதம், ஊரடங்கு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் வெளியாயிற்று. நாடே முடங்கிக் கிடந்த அந்த மாதங்களில் அக்குழு தன் பணியை முடித்து ஜூனில் அறிக்கை தந்தது. 10 சதவிகிதம் ஒதுக்கலாம் என்றது குழு. அமைச்சரவை 7.5 சதவிகிதம் என்று முடிவு செய்தது. செப்டம்பர் 15ஆம் நாள் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆனால் ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை. அக்டோபர் 16இல் நீட் முடிவுகளும் வந்துவிட்டன. கலந்தாய்வைத் தொடங்க இயலாமல் பிள்ளைகளும் பெற்றோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தனர். இறுதியில் அக்டோபர் 29 அன்று தமிழக அரசு அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஆளுநரும் ஒப்புதல் அளித்தார்.

நவம்பர் 18இல் கலந்தாய்வு தொடங்கிற்று. எம்.பி.பி.எஸ். படிப்பில் 313, பல் மருத்துவத்தில் 92, ஆக 405 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென நின்றன. முந்தைய ஆண்டின் 6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஆடு மேய்ப்பவர்களின் பிள்ளைகளும் ஆணை பெற்ற படங்கள் நாளேடுகளில் வந்தன. அல்ஹம்து லில்லாஹ், அது ஒரு நல்ல காட்சி.

ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் இன்னொன்றும் நடந்தது. தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணம் செலுத்த வழியில்லாமல், கைக்கு வந்த இடத்தை விட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளைகளும் இருந்தனர். செய்தி பரவி எங்கும் பேச்சான பிறகு, நவம்பர் 21 அன்று, அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒரு கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, வாசற்படியும் வைக்க வேண்டும் என்பதை அரசாங்கமே அப்போதுதான் கண்டுகொண்டது போலும்.

பாதை அடைபட்ட கதை இனி. அந்த ஆண்டு நீட் தேர்வு மே 3ஆம் நாள் நடக்க வேண்டியது. ஜூலை 26க்குத் தள்ளிப் போயிற்று. பிறகு செப்டம்பர் 13க்குத் தள்ளிப் போயிற்று. பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு இந்த நான்கு மாதங்கள் கூடுதல் அவகாசம். அரசு நடத்திய இலவசப் பயிற்சி வகுப்பையே நம்பியிருந்த பிள்ளைகளுக்கோ, வகுப்பறை பூட்டிக் கிடந்த நான்கு மாதங்கள். பயிற்சி இணையவழிக்கு மாறியது. வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி. அது வாப்பாவின் கையில் இருக்கும், அல்லது மூன்று பிள்ளைகளுக்கிடையே சுழன்றுகொண்டிருக்கும். மலையடிவாரத்திலோ, கடற்கரைக் குடியிருப்பிலோ இருந்தால் அலைவரிசையும் கிடைக்காது.

அடுத்த அணியினரின் நிலை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 19இல். மூன்று மாதம் கழிவதற்குள் இரண்டாவது அலை. பொதுத் தேர்வே ரத்தாயிற்று. ஆய்வகத்திலும் ஆசிரியரிடம் நேரிலும் போதிய காலம் பயிலாமல், அவர்கள் செப்டம்பரில் நீட் எழுதினார்கள்.

நம் வீடுகளில் இதனோடு வேறொரு சுமையும் சேர்ந்தது. குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம், கோட்டாறு, இடலாக்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடா வருவாயில் நடக்கும் வீடுகள் பல. 2020 மே மாதம் முதல் சிறப்பு விமானங்களில் வந்திறங்கியவர்களுள் வேலையை இழந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் சேர்ப்பேன் என்றிருந்த வாப்பாமார்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. எந்தக் கணக்கிலும் ஏறாத இழப்பு இது.

நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஓர் எண் உண்டு. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுள், முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்து மீண்டும் முயன்றவர்களின் பங்கு 2016-17இல் ஏறத்தாழ 12 சதவிகிதமாக இருந்தது. 2020-21இல் ஏறத்தாழ 71 சதவிகிதமாகிவிட்டது. அதாவது, முதல் முயற்சியில் இடம் பெறுவது அரிதாகிவிட்டது. ஓராண்டு, ஈராண்டு வீட்டில் இருந்து படிக்க வசதியுள்ளவரே வெல்கிறார். ஆண்பிள்ளை என்றால் அந்த ஓராண்டில் வேலைக்குப் போ என்பார்கள். பெண்பிள்ளை என்றால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் பேசாமல் ஓராண்டு பொறுத்திருக்கும் உறவினர்கள் நம்மில் எத்தனை பேர்? மகப்பேற்றுக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று மருத்துவமனை வாசலில் வாதாடும் நாம், அந்தப் பெண் டாக்டர் யார் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நின்ற ஒரு காலத்தைக் காட்டினார். அந்தக் காலம் போய்விட்டது, உண்மைதான். எதிர்ப்பு இப்போது பள்ளிக்கூடத்துக்கு இல்லை. பள்ளி முடிந்த பிறகான அந்த ஓராண்டுக்கு இருக்கிறது.

இடம் பெற்ற பிள்ளைகளுக்கும் கொள்ளைநோய் வழிவிடவில்லை. 2021 தொடக்கத்தில்தான் முதலாண்டு வகுப்புகள் தொடங்கின. இரண்டாவது அலை வந்ததும் அவையும் கைப்பேசித் திரைக்குச் சென்றன. உடற்கூற்றியல் என்பது உடலைத் தொட்டுக் கற்கும் பாடம். அதைத் திரையில் படமாகப் பார்த்துக் கற்க வேண்டியதாயிற்று. தமிழ்வழியில் பயின்று வந்து, முதன்முதலாக ஆங்கிலப் பெருநூல்களைப் புரட்டும் பிள்ளைக்கு, பக்கத்து இருக்கை நண்பனும் இல்லை; விடுதி அறையில் விளக்கிச் சொல்லும் மூத்த மாணவரும் இல்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு உணவு மேசையில் கிடைக்கும் விளக்கம், மீன் சுமப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு விடுதியில்தான் கிடைக்க வேண்டியிருந்தது. விடுதி மூடிக் கிடந்தது.

உலகின் பிற நாடுகளிலும் இக்காலம் விந்தையாகவே நடந்துகொண்டது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நேர்காணல்கள் இணையவழிக்கு மாறின. ஊர் ஊராக விமானத்தில் பறக்கப் பணமில்லாத மாணவர்களுக்கு அது ஒரு வசதியாயிற்று. 2021இல் முதலாண்டில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 21 சதவிகிதம் உயர்ந்தது. பிறகு 2023 ஜூனில், சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை 11 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

நம் கதையிலும் அப்படித்தான். 7.5 சதவிகித ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 7 அன்று, ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூடவே, ஐந்தாண்டுகளுக்குள் இந்த ஏற்பாட்டை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அரசுப் பள்ளிகளின் தரம் உயர்ந்தால் இந்த ஊன்றுகோல் தேவைப்படாது என்பது அதன் உட்பொருள். தரம் உயர்ந்தால் மகிழ்ச்சியே. உயருமுன் ஊன்றுகோலைப் பறித்துவிடக் கூடாது என்பதே நமது கவலை.

இந்தச் சட்டத்தில் நம் மாவட்டத்து வீடுகள் அவசியம் அறிய வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. தலைப்பில் ஆறாம் வகுப்பு என்று எழுதியது அதற்காகத்தான். ஒதுக்கீடு யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேரா. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

குமரி மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது, ஒழுக்கம் கற்பிக்கிறார்கள், பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று நாம் அங்கே அனுப்புகிறோம். அவை நல்ல பள்ளிகள், குறை சொல்லவில்லை. அங்கே படிக்கும் பிள்ளையும் ஏழைதான். அதே இலவசச் சீருடை, அதே சத்துணவு. ஆயினும் இந்த ஒதுக்கீடு அப்பிள்ளைக்கு இல்லை. பத்தாம் வகுப்பு வரை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாலும் இல்லை. வாழ்நாளின் பெரிய முடிவொன்று, பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகும்போது, பேருந்து வசதியை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டுவிடுகிறது. என் கருத்தைக் கேட்டால், வறுமையை அளக்கப் பள்ளியின் பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பது முழு நீதியன்று. உதவி பெறும் பள்ளி ஏழைகளுக்கும் ஒரு வழி வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். கேட்டுக் கிடைக்கும் வரை, இருக்கும் சட்டம் இதுதான்.

3.5 சதவிகித முஸ்லிம் ஒதுக்கீடு இருக்கிறதே, பிறகென்ன என்று சிலர் எண்ணலாம். 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவிகிதத்திலிருந்து பிரித்துத் தரப்பட்ட அது, உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அந்த இடங்களைப் பெற நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடுதான் போட்டியிடுகின்றனர். சென்னையிலும் கோவையிலும் இலட்சங்கள் செலவிட்டுப் பயின்ற பிள்ளையோடு, தக்கலை அரசுப் பள்ளிப் பிள்ளை போட்டியிட்டு வெல்வது எளிதன்று. 7.5 சதவிகித ஒதுக்கீட்டினுள்ளும் இதே 3.5 சதவிகிதம் உண்டு என்பதைப் பலர் அறியார். 2020இன் 313 இடங்களை வைத்துக் கணக்கிட்டால், முஸ்லிம் பிரிவுக்கு ஏறத்தாழ 11 இடங்கள் வரும். பொதுப் பிரிவில் பெறக்கூடியவை தனி. 11 என்பது சிறிய எண்தான். ஆனால் அங்கே போட்டி, அரசுப் பள்ளியில் படித்த முஸ்லிம் பிள்ளைகளுக்கிடையே மட்டும். அத்துடன், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே 7.5 சதவிகிதம் உண்டு. ஆகவே நீட் எழுதி மருத்துவம் கிட்டாமற்போனாலும் அரசுப் பள்ளியில் படித்த ஏழாண்டுகள் வீணாவதில்லை.

இதற்காக எல்லோரும் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, மேல்நிலையில் உயிரியல் பிரிவு இருக்கிறதா என்று முதலில் நேரில் சென்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஊரார் கூடிக் கல்வி அதிகாரியிடம் கேளுங்கள். ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொரோனாக் காலத்தில் பிராணவாயு உருளைகள் வாங்கப் பள்ளிவாசல்களில் நிதி திரண்டதே, அதில் ஒரு சிறு பங்கு திரண்டால் போதும். மதரஸா முடிந்த பிறகு மாலையில் பூட்டிக் கிடக்கும் அறையில் நான்கு மேசைகள், ஒரு கணினி, இணைய இணைப்பு, முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் ஆகியவற்றை வைக்கலாம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், வாரத்தில் இரண்டு மாலைகள் அங்கே வந்து அமரச் சொல்லலாம். இரண்டாம் முறை எழுதும் பெண்பிள்ளைக்குப் படிக்கத் தனி இடமும், உறவினர் கேள்விகளிலிருந்து ஓராண்டு ஓய்வும் கிடைத்தால், பாதி வேலை முடிந்தது.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் லெப்பை (இராவுத்தர், மரைக்காயர் இதனுள் அடங்குவர்), மாப்பிள்ளா, ஷேக், சையது, தக்கனி முஸ்லிம், அன்சார், தூதேகுலா என ஏழு பிரிவுகள் உள்ளன. சாதிச் சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்றிருந்தால் இந்தப் பிரிவு ஏறுகிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு முந்தைய நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பது நல்லதல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், பிள்ளை பள்ளி மாறும்போதெல்லாம் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று கேட்டு வாங்கி, மாற்றுச் சான்றிதழின் நகலோடு ஒரே உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.